பிளேட்லெட் 18 ஆயிரம்: ஏற்றச் சொல்லி வற்புறுத்தலாமா?

கேள்வி: சென்ற மாதம் என் 7 வயது மகன் டெங்குவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 18 ஆயிரத்துக்கு இறங்கின. ரத்தம் கொடுக்க உறவினர்கள் ஆறு பேர் வாசலில் நின்றும், மருத்துவர்கள் ஏற்றவில்லை. பிழைத்துவிட்டான். இப்போது 4 வயது மகளுக்குக் காய்ச்சல். அதே நிலை வந்தால் வற்புறுத்தலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மகனின் மருத்துவர்கள் செய்தது சரிதான். டெங்குவில் குழந்தைகளின் உயிருக்கு முதல் எதிரி பிளேட்லெட் குறைவு அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் சரிவதுதான். ஏற்றிய பிளேட்லெட்டும் இந்நோயில் நெடுநேரம் தங்காது.

ஏற்றினால் நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். பிளேட்லெட் பையை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் ஆடும் தட்டில் கிடக்கும் அந்த மஞ்சள் திரவத்தில் கிருமி வளர்வது எளிது. ஒவ்வாமையும் வரலாம். கசிந்த நீர் ரத்தக் குழாய்க்குத் திரும்பும் கட்டத்தில் ஏற்றும் கூடுதல் திரவம் நுரையீரலைத் திணறவைக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்கு வந்த பெரியவர்களிடம் நடந்து, 2017இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு என்னையே யோசிக்க வைத்தது. 660 குறைமாதக் குழந்தைகளில், பிளேட்லெட் 50 ஆயிரத்துக்குக் கீழே போனதும் ஏற்றிய பிரிவில் மரணமோ பெரும் ரத்தக்கசிவோ 26 சதவீதம்; 25 ஆயிரம் வரை பொறுத்த பிரிவில் 19. அவர்களுக்கு டெங்கு இல்லைதான். ஆனாலும் 'கொடுத்து வைப்போம், கெடுதல் இல்லை' என்ற பழைய எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

கறுப்பு மலம், ரத்த வாந்தி, நிற்காத மூக்கு ரத்தம் என்றால் கதை வேறு. எண்ணுக்காகக் காத்திராமல் ஏற்றுவார்கள். ரத்தக்கசிவே இல்லாவிட்டாலும் 10 ஆயிரத்துக்குக் கீழே போனால் பலர் ஏற்றுவதுண்டு. புற்றுநோய் சிகிச்சையில் உள்ள குழந்தைக்குக் கணக்கே வேறு.

மகளுக்குக் காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அடுத்த ஒன்றிரண்டு நாள்கள்தான் கவனிக்க வேண்டியவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால், சோர்வு, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. பாராசிட்டமால் மட்டும் போதும், இபுபுரூஃபன் கூடாது. மருத்துவரிடம் பிளேட்லெட்டை மட்டும் கேட்காமல், "ஹீமடோக்ரிட் ஏறுகிறதா, சிறுநீர் எவ்வளவு?" என்று கேளுங்கள். ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் அளவுதான் ஹீமடோக்ரிட். உறவினர்கள் ரத்த வகையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். கைப்பேசியை மட்டும் அணைக்க வேண்டாம்.