கால்வாய்ப் பழக்கம் தேம்ஸில் செல்லாது

கேள்வி: 57 அடி நேரோபோட் (கால்வாயில் ஓடும் நீண்ட, குறுகலான படகு) ஒன்றை வாடகைக்கு எடுத்து, மூன்று நாளாக ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் ஓட்டி வருகிறோம். ஒரே நாளில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தேம்ஸில் இறங்கி, ஆற்றங்கரை ஊரான அபிங்டன் போய்விட முடியுமா? கூடுதலாக என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஏறக்குறைய 8 மைல்; ஆஸ்னி, இஃப்லி, சாண்ட்ஃபோர்டு, அபிங்டன் என்று நான்கு லாக் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவடைப்பு). காத்திருப்பையும் சேர்த்து நான்கு மணி நேரம் வையுங்கள். திரும்பி வருவது எதிரோட்டம் என்பதால் அன்றைக்கே வேண்டாம்.

கால்வாய் உரிமம் ஆற்றுக்குச் செல்லாது. இங்கே தேம்ஸ், என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. குறுகிய காலப் பதிவு வாடகையில் அடக்கமா என்று கேளுங்கள். லாக்கில் சிவப்புப் பலகை தொங்கினால் ஓட்டம் பலமாக இருக்கிறது என்று பொருள், அன்று பயணமே கிடையாது.

கால்வாயை ஆற்றோடு இணைக்கும் ஷீப்வாஷ் வாய்க்காலிலிருந்து இடப்பக்கம் திரும்பி ஆற்றில் நுழையும்போதே வித்தியாசம் தெரியும். முன்பாதியை ஓட்டம் தள்ளும், பின்பாதி அசையாத நீரிலேயே இருக்கும்; படகு நினைத்ததைவிட வேகமாகத் திரும்பிவிடும். அடுத்து வரும் ஆஸ்னி பாலம் ஏழரை அடி உயரம்தான். கூரையில் சைக்கிள், பூந்தொட்டி இருந்தால் முன்பே இறக்கிவிடுங்கள். ஃபாலி பாலம் தாண்டியதும் துடுப்புப் படகுகள் நிறைய வரும். ஒற்றை ஆள் துடுப்புக்காரர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார், உங்களைப் பார்த்திருக்க மாட்டார், வலப்பக்கமாகவே போங்கள்.

ஆற்றில் ஓட்டுவது பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான். ஓட்டத்தோடு வந்து கரையில் சேர்த்து முன்கயிற்றை முதலில் கட்டினால், தண்ணீர் பின்புறத்தை வெளியே இழுத்துப் படகை ஆற்றுக்குக் குறுக்கே நிறுத்திவிடும். ஆகவே இடத்தைக் கடந்து போய், அகலமான பகுதியில் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக வாருங்கள். ஓட்டமே பிரேக் போலப் பிடிக்கும். முன்கயிறு முதலில், பின்கயிறு அடுத்து. கிளம்பும்போது பின்கயிற்றை முதலில் அவிழுங்கள்.

லாக்கில் முன்னும் பின்னும் ஆளுக்கொரு கயிறு பிடிக்க வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும். கயிற்றை முடிச்சுப் போடாதீர்கள்! கரைத்தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்து, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுங்கள். முடிச்சிட்ட கயிறு விறைத்தால் படகு ஒரு பக்கமாகத் தொங்கிச் சாயும். சாண்ட்ஃபோர்டில் இறக்கம் இரண்டரை மீட்டருக்கு மேல். கயிறு பத்து மீட்டராவது இருக்கட்டும். பின்புறம் மேல்கதவுக்கு அடியிலுள்ள கல்படியில் உட்கார்ந்துவிடாதபடி படகை முன்னே வையுங்கள். காப்பாளர் இல்லாத நேரத்தில் பொத்தான் பலகை உண்டு, கதவை நீங்களே இயக்கலாம்.

புரொப்பெல்லரில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சுற்றினால் முதலில் கரையில் கட்டுங்கள், எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போடுங்கள், பிறகு பின்தளத்தில் புரொப்பெல்லருக்கு மேலுள்ள மூடியைத் திறந்து அறுத்தெடுங்கள். திரும்ப மூடியை இறுக்கப் பூட்டாமல் ஓட்டினால் தண்ணீர் உள்ளே பீய்ச்சிப் படகே மூழ்கும்.

கால்வாயில் தேவைப்படாத நங்கூரம் ஆற்றில் அவசியம். நடு ஆற்றில் எஞ்சின் நின்றால், அடுத்த அணைக்கட்டுக்கு முன் உங்களை நிறுத்துவது அதுதான். பெரும்பாலும் மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் கிடக்கும். வெளியே எடுத்து வையுங்கள். கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் இழுத்துப் பாருங்கள். கட்டாத நங்கூரத்தை வீசினால் அது ஆற்றுக்கே தானம்.