டெர் ரூஜ் சரணாலயத்தில் ஜூலையில் பறவையே இல்லையே?

தப்பு உங்கள் பைனாகுலரில் இல்லை, மாதத்தில்தான். ஜூலையில் மொரிசியஸின் டெர் ரூஜ் பறவைச் சரணாலயத்துக்குப் போனால் நீங்கள் சொன்ன மாதிரி பறவை இல்லாமல் வெறும் சேறுதான் மிஞ்சும். 'குளிர்கால வலசை' என்று எங்கோ படித்துவிட்டு மொரிசியஸின் குளிர்காலமான ஜூலையில் போயிருப்பீர்கள், ஆனால் அது வட அரைக்கோளத்துக் குளிர்காலம். சைபீரியாப் பக்கம் இனப்பெருக்கம் முடித்துக் கிளம்பும் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) நமக்குக் கோடை தொடங்கும் அக்டோபர் வாக்கில் வந்து சேர்ந்து, ஏப்ரல் வரை இங்கே மேயும்.

அப்புறம், கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் சேறு வெளியே தெரிந்தால்தான் அவை இரை தேட இறங்கும். நுனி கீழே வளைந்த அலகைத் தையல் மெஷின் ஊசி போல விடாமல் குத்திக்கொண்டே நடப்பது கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளான். கூழாங்கல்லைப் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி உள்ளான். முடிந்தால் மார்ச் கடைசியிலும் ஒருமுறை போங்கள், வெளுத்திருந்த கர்லூ சாண்ட்பைப்பர்களின் வயிறு ஊர் திரும்பும் முன் செங்கல் நிறத்துக்கு மாறும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல சீசன்.

ஜூலையில் ஒன்றுகூட இருக்காது என்றும் சொல்ல முடியாது. இளம் பறவைகள் சில வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். சேற்று நிறத்திலேயே இருப்பதால் அவசரத்தில் கண்ணில் படாது.