கோதுமை ஏறும் எலிவேட்டர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விவசாயிகளைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை படித்தேன். கன்சாஸ் பக்கம் ஒரு சிற்றூர். அறுவடை முடிந்ததும் எல்லோரும் கோதுமையை லாரியில் ஏற்றி 'எலிவேட்டருக்கு'க் கொண்டுபோகிறார்கள். மாடி வீடே அபூர்வமான ஊரில் லிஃப்ட் எதற்கு? விமான வாலில் இருக்கும் ஒரு பாகத்துக்கும் அந்தப் பெயர் உண்டு என்கிறது அகராதி. அதுவும் பொருந்தவில்லை.

ர., கரூர்

அன்புள்ள ர.,

அது தானியக் கிடங்கு. நம் ஊர் குடோன்போல மூட்டை அடுக்கும் இடம் இல்லை. அடியில் கொட்டும் தானியத்தை, வாளிகள் கோத்த பெல்ட் ஒன்று உச்சிக்குத் தூக்கிப்போய் உயரமான தொட்டிகளில் நிரப்பும். திரும்ப இறக்க எந்திரம் வேண்டாம். கீழே திறந்துவிட்டால் ரயில் பெட்டியில் தானாக வந்து விழும். தூக்குகிற வேலையின் பெயரே கட்டடத்துக்கும் ஆகிவிட்டது.

நீராவியால் ஓடிய முதல் எலிவேட்டரை 1842-இல் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் என்ற வணிகர் அமைத்தார். வடிவமைத்தவர் ராபர்ட் டன்பர் என்ற பொறியாளர். நீங்கள் நினைத்த லிஃப்ட் இதற்குப் பிந்தியது: எலிஷா ஓட்டிஸ் என்பவர் கயிறு அறுந்தாலும் விழாத தன் பாதுகாப்பு லிஃப்டை நியூயார்க்கில் மக்கள்முன் காட்டியது 1854-இல்தான். தானிய எலிவேட்டர் பஃபலோவில் பிறக்கக் காரணம் உண்டு. அந்த ஊரை நியூயார்க் பக்கத்தோடு இணைத்த ஈரி கால்வாய் 1825-இல் திறந்தபிறகு, மேற்கிலிருந்து ஏரி வழியாகக் கப்பலில் வந்த தானியம் பஃபலோவில் கால்வாய்ப் படகுக்கு மாறியாக வேண்டும். டார்ட்டின் எலிவேட்டர் வரும்வரை அதை முதுகில் சுமந்து இறக்கியவர்கள் கூலிகள், பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்கள். டார்ட்டின் வாளி பெல்ட் நேராகக் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே இறங்கி அள்ளியது.

ஆனால் எலிவேட்டரை வெறும் எந்திரமாகப் பார்த்தால் விஷயம் பாதிதான் புரியும். சிகாகோவில் அது வியாபாரத்தையே மாற்றியது. மூட்டையாக வந்தவரை இது இன்னாருடைய கோதுமை என்று தெரியும். எலிவேட்டரில் ஒரே தரத்துக் கோதுமையெல்லாம் ஒரே தொட்டியில் கலந்துவிடும், விவசாயி கையில் ஒரு ரசீதுதான் மிஞ்சும். அந்த ரசீது சந்தையில் கைமாறியது. முன்பேர வணிகம், அதாவது பின்னால் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் வியாபாரம், அதிலிருந்து வளர்ந்தது. எடை, தரம், கிடங்குக் கட்டணம் எல்லாம் எலிவேட்டர்காரர் கையில். இந்த அதிகாரம்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. வருஷம் முழுக்க உழைத்தவன் தன் தானியத்தின் தரத்தை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் நெருக்கியதில் இல்லினாய் மாநிலம் 1871-இல் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. மன், ஸ்காட் என்ற இரு சிகாகோ எலிவேட்டர் முதலாளிகள் வழக்காடினார்கள். 1877-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பொதுநலன் சம்பந்தப்பட்ட தொழிலின் கட்டணத்தை, அது தனியார் சொத்தாகவே இருந்தாலும், அரசு கட்டுப்படுத்தலாம். அமெரிக்கச் சட்டத்தில் பெரிய தீர்ப்பு அது. அதைப் பெற்றுத்தந்தது கோதுமைக்காரர்களின் கோபம் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொரு பக்கமும் உண்டு. தானியத் தூசி காற்றில் பறக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிமருந்துபோல வெடிக்கும். 1977 டிசம்பரில் லூசியானாவின் வெஸ்ட்வீகோவில் ஓர் எலிவேட்டர் வெடித்து 36 பேர் இறந்தார்கள். தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வரப் பத்து வருஷம் ஆனது.

நீங்கள் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்தால், எலிவேட்டர் யாருடையது என்று பாருங்கள். கன்சாஸில் பல ஊர்களில் விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவு எலிவேட்டர்கள் இருக்கின்றன. நீங்கள் படித்த சிற்றூரின் எலிவேட்டர் அந்த வகையா, கம்பெனி வகையா என்று தெரிந்தால் எழுதுங்கள்.