அகராதியில் முயல், ஆனால் ஆள் ஏமாளி

1590-களின் லண்டன் துண்டுப்பிரசுரத்தில் ஒரு விவசாயியைக் 'கோனி' (cony) என்கிறார்கள், ஆங்கில அகராதியோ முயல் என்கிறது, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. முயல்தான், ஆனால் திருடர் பாஷையில் சுலபமாக ஏமாறுகிற ஆள். ஏமாற்றுகிறவன் 'கோனி கேச்சர்', முயல் பிடிப்பவன்.

1591-ல் ராபர்ட் கிரீன் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்தக் கும்பலின் வேலையை விவரமாகவே எழுதினார். கிராமத்திலிருந்து வந்தவரிடம் ஒருவன் தெருவில் பேச்சுக் கொடுத்து, பெயர், ஊர், அக்கம்பக்கத்தார் விவரமெல்லாம் கறந்துவிடுவான். கொஞ்ச தூரத்தில் இன்னொருவன் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பழைய பழக்கம்போல ஒட்டிக்கொள்வான். அப்புறம் மதுக்கடை, சீட்டாட்டம், பை காலி. (இன்று போனில் வங்கியின் பெயரைச் சொல்லிப் பேசுகிறவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்!)

'கல்' (gull) என்று வந்தாலும் ஏமாளிதான், கடற்பறவை என்று எழுதிவிடாதீர்கள். இறகு முளைக்காத குஞ்சைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. 'கட்ஜன்' (gudgeon) என்பது தூண்டிலில் சட்டென்று சிக்கும் சிறு மீன். அதற்கும் இதே பொருள்தான்.

மொழிபெயர்ப்பில் நானாக இருந்தால் 'ஏமாளி' என்றே போடுவேன். வலை, பொறி என்று வேட்டைச் சொற்கள் சேர்ந்து வரும் வரிகளில் மட்டும் முயலை வைத்துக்கொள்ளுங்கள்.