குளிரிலிருந்து வெயிலுக்கு: கம்மி செலவில் பைக் பயணம், கேள்வி பதில்

கார்த்திகை பிறந்தாலே பெங்களூருவில் இருக்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நாலைந்து நாள் லீவு இருக்கு. குளிர் இல்லாத இடமா, செலவு கையைக் கடிக்காத மாதிரி சொல்லுங்க." பதினைந்து வருடமாகக் குளிர்காலத்தில் கடலோரமாக வண்டி ஓட்டுகிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, கிறிஸ்துமஸ் லீவில் ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று ஒரு ரவுண்டு. இரண்டு பைக், நாலு பேர். சரியாக வருமா? (மாரத்தஹள்ளி)

ஊரெல்லாம் நல்ல ஊர்தான், மாதம்தான் சரியில்லை. அங்கே குளிர் பிரச்சினையே இல்லை, மழைதான் பிரச்சினை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை ஓடும், தென்கோடிக் கடலோரத்தில் கடைசியில் வந்தும் கொட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி இரண்டு மாவட்டமும் தண்ணீரில் நின்றன. எல்லா வருடமும் அப்படி இருக்காதுதான். ஆனால் எண்ணி வைத்த பணத்தோடு போகிறவனுக்கு, லாட்ஜில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் ஒரு நாள் போதும், பட்ஜெட் காலி.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: டிசம்பர் லீவு என்றால் மேற்குக் கடல், பொங்கல் தாண்டிய லீவு என்றால் கிழக்குக் கடல். கோகர்ணம், முருதேஸ்வர், உடுப்பி பக்கம் மழை என்பது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். டிசம்பரில் வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும்.

அப்போ கோகர்ணம்தான் போகிறோம். ஆனால் அங்கே வாடகை கேட்டால் தலை சுற்றுகிறதே? (அதே தம்பி)

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை சுற்றத்தான் செய்யும். கோகர்ணத்தில் தங்காதீர்கள். ஹொன்னாவரிலோ குமட்டாவிலோ பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, பகலில் கோகர்ணத்து ஓம் பீச்சுக்குப் போய் வாருங்கள். துமகூரு, சிவமொக்கா, சாகரா, ஜோக் வழியாக இறங்கலாம். டிசம்பரில் ஜோக் அருவி நூல் மாதிரிதான் விழும், அதை நம்பிப் போக வேண்டாம். அங்கிருந்து ஹொன்னாவருக்கு இறங்கும் மலைப்பாதையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வளைவுகளில் பஸ்காரர்கள் நமக்கு இடம் விடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. நேரம் இருந்தால் தெற்கே மரவந்தே வரை ஓட்டுங்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் ரோடு. காசு கொடுக்காமல் பார்ப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்!

பொங்கலுக்குப் பிறகு கிழக்குக் கடல் என்றால் ஒரு ஆளுக்கு எவ்வளவு ஆகும்? என்னிடம் 10,000 ரூபாய் இருக்கிறது. (ஓசூர்)

போதும். பெங்களூரு, மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தூத்துக்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி, திரும்ப மதுரை வழியாக வீடு. ஏறக்குறைய 1,650 கி.மீ., ஆறு நாள். ஓசூரிலிருந்து கொஞ்சம் குறையும். லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சி.சி. வண்டி என்றால் பெட்ரோல் 2,800 ரூபாய். 33 கொடுக்கும் 350 சி.சி. என்றால் 5,000. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. அறையை இருவர் பகிர்ந்தால் தலைக்கு 500 வீதம் ஐந்து இரவுக்கு 2,500. சாப்பாடு நாளுக்கு 400 என்றால் 2,400. கிளம்பும் முன் ஆயில் மாற்ற, செயின் பார்க்க 800. சின்ன வண்டிக்கு 8,500, பெரிய வண்டிக்கு 10,700. பெரிய வண்டிக்காரர் கன்னியாகுமரியை விட்டுவிட்டால் பத்துக்குள் வந்துவிடலாம்.

தேதி பார்க்கும்போது இரண்டு விஷயம். மகரஜோதி முடியும் வரை கன்னியாகுமரி லாட்ஜெல்லாம் ஐயப்ப பக்தர்களால் நிரம்பியிருக்கும். அப்புறம் தைப்பூசத்தை ஒட்டித் திருச்செந்தூருக்கும் பழனிக்கும் பாதயாத்திரைக் கூட்டம் ராத்திரி முழுக்க ரோட்டோரம் நடக்கும். அந்த வாரம் இருட்டில் வண்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். நமக்கு மட்டுமில்லை, நடக்கிறவர்களுக்கும் அதுதான் நல்லது.

ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை கடலோர ரோடு எப்படி? கூகுள் மேப்பில் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிகிறது. (எலக்ட்ரானிக் சிட்டி)

ஒன்றுமே இல்லாததுதான் அந்த ரோட்டின் அழகு. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் என்று போகும். உடைமரமும் பனையும் உப்பளமும்தான் துணை. நான் முதல்முறை போனபோது சாயல்குடி தாண்டி ஒரு போட்டோவுக்காக வண்டியை மண்ணில் இறக்கினேன். திரும்ப ரோட்டில் ஏற்றியதும் பின்சக்கரம் வாத்து மாதிரி ஆடியது. குனிந்து பார்த்தால் ஒரு சுண்டுவிரல் நீளச் சீமைக்கருவேல முள், டயரில் நேராக நிற்கிறது. ஸ்போக் வீல், டியூப் டயர், கையில் ஒரு சாமானும் இல்லை. நாலு கி.மீ. தள்ளிய பிறகு, கருப்பட்டி ஏற்றிப் போன ஒரு குட்டியானைக்காரர் நிறுத்தினார். வண்டியை மூட்டைகளுக்கு நடுவே படுக்க வைத்து வேம்பார் வரை கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை. நான்தான் ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்கிக்கொண்டேன்.

அதனால், படம் எடுக்க ஆசை வந்தால் தாரிலேயே ஓரமாக நிறுத்துங்கள். டியூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்பும் போதும். டியூப் என்றால் மாற்று டியூப் ஒன்று பையில் இருக்கட்டும். பெட்ரோலை ராமநாதபுரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கு பைக்கிலேயே போகலாமா? (ஒயிட்ஃபீல்டு)

2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். காற்று மணலை ரோட்டில் தள்ளி வைத்திருக்கும். அதன் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் விழுவீர்கள். 1964 புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர் அருகே நிறுத்தி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

என்னிடம் ஸ்ப்ளெண்டர்தான் இருக்கிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். வாடகைக்குப் பெரிய வண்டி எடுக்கலாமா அண்ணா? (கே.ஆர்.புரம்)

சிரிக்கட்டும். நாளுக்கு 1,000 ரூபாய் வாடகை என்றால் ஆறு நாளில் உங்கள் பயணச் செலவில் முக்கால்வாசி போய்விடும். உங்கள் வண்டியில் மணிக்கு 60-ல் போங்கள், முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்குங்கள். முதல் நாளே மதுரை வரை 435 கி.மீ. இழுக்காமல் திண்டுக்கல்லில் தங்கிக்கொள்ளலாம். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே வரும் தொப்பூர் மலை இறக்கத்தில் மட்டும் லாரிகளுக்கு முன்னாலோ நடுவிலோ மாட்டாதீர்கள். பிரேக் சூடாகிப் போன லாரிக்கு முன்னால் எந்த பைக்கும் சின்ன வண்டிதான்.

வாடகைக்குத்தான் எடுப்பீர்கள் என்றால் கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியாக எடுங்கள். வெள்ளை பிளேட்டில் கொடுத்தால் வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கைகொடுக்காது. எடுக்கும்போது சுற்றி வந்து வீடியோ எடுங்கள். நான் ஒருமுறை எடுக்காமல் விட்டு, யாரோ போட்ட கீறலுக்கு என் டெபாசிட்டில் பாதியைத் தொலைத்தேன்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்த வழி சரிப்படுமா? (பெயர் சொல்ல விரும்பவில்லை)

ரோட்டைவிட லாட்ஜ்தான் தொல்லை. கோயில் ஊர்களில் தனியாக வருகிற ஆணுக்கே அறை தரத் தயங்குவார்கள். முந்தின நாளே போன் செய்து, "ஒரே ஆள், பைக்கில் வருகிறேன், அறை உண்டா, வண்டி உள்ளே நிறுத்தலாமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் ஊர் சேருகிற மாதிரி தூரத்தைப் பிரியுங்கள். என் தங்கை போனபோது நாளுக்கு 250 கி.மீ. தாண்டவில்லை. திருச்செந்தூர் தாண்டி வரும் கடலோர ஊரான மணப்பாட்டில் மேட்டு மேல் இருக்கும் சர்ச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே அரை நாள் போனதாகச் சொன்னாள்.

கட்ச் ரண் என்கிற உப்புப் பாலைவனத்துக்குப் போகலாம் என்று ஆசை. குஜராத் சூடான ஊர்தானே? (டெல்லி)

பகலில் சூடு, ராத்திரியில் நடுக்கம். கட்ச்சில் நலியா என்று ஒரு ஊர் உண்டு, குளிர்காலத்தில் குஜராத்திலேயே குளிரான இடம் என்று அடிக்கடி பேப்பரில் வரும். போங்கள், ஸ்வெட்டரோடு போங்கள். டெல்லியிலிருந்து பைக்கிலேயே என்றால் வேண்டாம். மூடுபனியில் வடக்கே காலை பத்து மணி வரை முன்னால் போகிற லாரி தெரியாது. வண்டியை ரயில் பார்சலில் போடுங்கள். பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டு, ஆர்.சி. நகலோடு போனால் வேலை சீக்கிரம் முடியும்.

விடியற்காலை ஓசூர் தாண்டும் வரை குளிர் கொல்கிறது. அதற்காக ஜாக்கெட் வாங்கணுமா? (பொம்மனஹள்ளி)

வேண்டாம். சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே நெஞ்சில் இரண்டு தினத்தந்தித் தாள். சேலத்தில் எடுத்துப் போட்டுவிடலாம், அதற்கு மேல் வியர்க்கும்.

திரும்பி வந்த ஒரு மாதத்தில் செயின், சைலன்சரெல்லாம் துரு. என்ன தப்பு செய்தேன்? (ஹெச்.எஸ்.ஆர்.)

கழுவாமல் நிறுத்தியிருப்பீர்கள். கடல் காற்றின் உப்பு கண்ணுக்குத் தெரியாமல் படியும். வீட்டுக்கு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் செயினுக்கு ஆயில் விடுங்கள். பயணத்தின் நடுவிலேயே மதுரையில் ஒரு வாட்டர் வாஷ் போட்டால் இன்னும் நல்லது, பத்து நிமிஷ வேலை. இப்போது பிடித்திருக்கும் துருவுக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.