ஓரத்தில் நிற்பவர் மட்டும் ஏன் குண்டாகத் தெரிகிறார்?

வாசகர் கேள்வி – பதில்: அலுவலகக் குரூப் போட்டோ

எங்கள் டீமில் 14 பேர். மீட்டிங் ரூமில் நிற்கவைத்து செல்போனில் குரூப் போட்டோ எடுத்தோம். நடுவில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்களுக்கு முகம் விரிந்து, உடம்பு பெருத்துத் தெரிகிறது. நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்தால் சரியாகுமா?
– மனிதவளப் பிரிவு ஊழியர், சோழிங்கநல்லூர்

ஆகாது. கோளாறு கேமராவில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. கிட்டே நின்றால் அகலமாகப் பார்க்கும் லென்ஸில்தான் எல்லோரும் அடங்குவார்கள்; மி.மீ. எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும். செல்போனின் சாதாரண லென்ஸ் ஏறக்குறைய 24 மி.மீ. லென்ஸ் அளவுக்கு அகலமாகப் பார்க்கும். அந்தக் கோணத்தில் படத்தின் விளிம்பில் வரும் தலை, பக்கவாட்டில் 25 சதவீதம்வரை இழுபடும். 50 மி.மீ. லென்ஸில் அதே விளிம்பில் 6 சதவீதம்தான். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். லென்ஸ் எத்தனை லட்சம் ரூபாயானாலும் இந்தக் கணக்கு மாறாது. எடுத்த பிறகு ஓரத்தை வெட்டிச் சின்னதாக்கினாலும் இழுபட்ட முகம் இழுபட்டதுதான்.

14 பேரை ஏழு ஏழாக இரண்டு வரிசையில் நிறுத்துங்கள். சற்றுத் திரும்பி நின்றால் ஆளுக்கு ஒன்றேமுக்கால் அடி போதும்; வரிசைக்குச் சுமார் 12 அடி. இரண்டு பக்கமும் காலியிடம் சேர்த்து 15 அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் என்றால் இதற்கு 21 அடி பின்னால் போக வேண்டும், 35 மி.மீ. என்றால் 15 அடி. அதைவிடச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட 50-இன் வேலையைச் செய்துவிடும். செல்போன்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு மடங்கு ஜூம் வைத்து 20 அடி தள்ளி நில்லுங்கள். இன்னும் அகலமாகப் பார்க்கும் 0.5 பட்டன் பக்கமே போகாதீர்கள்.

மீட்டிங் ரூமில் 20 அடி எங்கே கிடைக்கும்? அதனால்தான் மீட்டிங் ரூமே வேண்டாம் என்கிறோம். வரவேற்பறை, லிஃப்ட் லாபி, மதியச் சாப்பாடு முடிந்த கேன்டீன், எல்லாமே அதைவிட மேல். அந்த அறைதான் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால் 5, 5, 4 என மூன்று வரிசையாக்குங்கள். அகலம் 9 அடியாகக் குறையும், 50 மி.மீ. லென்ஸுக்கு 15 அடி போதும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வராந்தாவில் இருந்து எடுக்கலாம்.

ஒன்பது பேரை இரண்டு வரிசையாக நிறுத்தி 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து எடுத்தேன். பின்வரிசை மங்கிவிட்டது. ஒரே ஒரு லைட், வலது பக்கம் வைத்தேன். இடது ஓரம் இருட்டாகிவிட்டது. லைட் பவரைக் கூட்டினால் வலது பக்கம் வெளுத்துப்போகிறது.
– போட்டோகிராபர், ஈரோடு

இரண்டும் வேறு வேறு தவறுகள். முதலில் ஃபோகஸ். எஃப் எண் என்பது லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. 85 மி.மீ., எஃப் 1.8, 20 அடி தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் இரண்டு அடிகூட இல்லை. முன்வரிசை நாற்காலியில், பின்வரிசை அதற்குப் பின்னால் மூன்றடியில் என்றால் பின்னால் இருப்பவர்கள் மங்கத்தான் செய்வார்கள். எஃப் 5.6-இல் அந்த ஆழம் ஆறடியை நெருங்கும். எஃப் 8-இல் எட்டடியைத் தாண்டும். இரண்டு வரிசைக்கு 5.6, மூன்று வரிசைக்கு 8. ஃபோகஸை முன்வரிசையில் நடுவில் இருப்பவரின் கண்ணில் வையுங்கள். மூன்று வரிசை என்றால் இரண்டாவது வரிசையில். பின்னணி மங்கலாக வேண்டும் என்ற ஆசையில்தான் 1.8-க்குப் போயிருப்பீர்கள். குழுவைச் சுவரிலிருந்து 12, 15 அடி முன்னால் கொண்டுவாருங்கள். 5.6-இலேயே பின்னணி கரையும். நிழலும் சுவரில் விழாது.

அடுத்து லைட். ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். வலது ஓரத்து ஆளுக்கு 6 அடியிலும் இடது ஓரத்து ஆளுக்கு 18 அடியிலும் லைட் இருந்தால், இடது பக்கம் ஒன்பதில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்). பவரைக் கூட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் கூடும், விகிதம் அப்படியே நிற்கும். லைட்டைப் பின்னால் இழுப்பதுதான் வழி. கேமராவுக்குப் பக்கத்தில் 20 அடியில் வைத்தால், 12 அடி அகலக் குழுவில்கூட இரண்டு ஓரத்துக்கும் கால் ஸ்டாப் வித்தியாசம் வராது. இதற்கு விலை உண்டு. 6 அடியில் கிடைத்த வெளிச்சத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் 20 அடியில் கிடைக்கும். எனவே கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்குங்கள், தயங்க வேண்டாம். தூரம் கூடக் கூட வெளிச்சம் கடுமையாகும் என்பதால் லைட்டில் மாட்டி ஒளியை மென்மையாக்கும் குடையில் 5 அடிக்குப் பதில் 7 அடி நல்லது.

லைட்டை 9 அடி உயரத்துக்கு ஏற்றுங்கள். தாழ்வாக இருந்தால் முன்வரிசையின் தலைநிழல் பின்வரிசையின் கழுத்தில் விழும். அந்த உயரத்தில் ஸ்டாண்ட் சாயும், குடை வேறு ஏசிக் காற்றைப் பிடிக்கும். மூன்று காலில் ஒன்றைக் குழுவை நோக்கி நிறுத்தி, அதன் மேல் மணல் பை போடுங்கள்.

கண்ணாடி போட்டவர்களின் கண் தெரியவில்லை, வெள்ளைக் கட்டம்தான் தெரிகிறது. கண்ணாடி போடாதவர்களில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார்.
– ஆடிட்டர் அலுவலகம், கோவை

லைட்டை மேலே ஏற்றினாலே முக்கால்வாசிப் பளபளப்பு போய்விடும். மீதிக்கு, தாடையை ஒரு விரல்கடை கீழே இறக்கச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால், கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கிவைத்தால் கண்ணாடி தரையைப் பார்க்கும். முன்னிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

கண் மூடுவதற்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதைக் கணக்கிட்டு 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான) பரிசு வாங்கினார்கள். 20 பேருக்கு உட்பட்ட குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை 3-ஆல் வகுங்கள், மங்கல் வெளிச்சத்தில் 2-ஆல். அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோரும் கண் திறந்திருப்பார்கள். 12 பேருக்கு நான்கு அல்லது ஆறு. சிரிப்பும் சரியாக அமைய வேண்டுமே, அதனால் இரட்டிப்பாக எடுங்கள் என்பது எங்கள் சேர்க்கை. கேமராவில் ரெட்-ஐ குறைப்பு (கண் சிவப்பாக விழாமல் தடுக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். முதலில் வரும் அந்தச் சின்ன மின்னலுக்குத்தான் பாதிப்பேர் கண்ணை மூடுகிறார்கள்.

எப்படி எடுத்தாலும் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரியே வருகிறது. ஸ்டைலாக வர என்ன செய்ய வேண்டும்?
– ஸ்டார்ட்அப் நிறுவனர், தரமணி

பள்ளிப் படத்தில் தலைகள் எல்லாம் நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டை உடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தச் சிக்கல் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டுக்கே இருந்தது. 1662-இல் ஆம்ஸ்டர்டாம் துணி வணிகர் சங்கத்தின் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேரையும் ஒரு பணியாளரையும் அவர் வரைந்தார். அந்த ஓவியம் அதே ஊரின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கறுப்பு உடை, ஒரே வெள்ளைக் காலர், மேற்பார்வையாளர்களுக்கு ஒரே மாதிரித் தொப்பி. அப்படியே உட்கார வைத்திருந்தால் ஆறு தலையும் ஒரே மட்டத்தில் போயிருக்கும். ஒருவரைப் பாதி எழுந்த நிலையில் நிறுத்தினார்; யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. கார்ப்பரேட் படம் எடுப்பவர்கள் பார்க்க வேண்டிய முதல் படம் இதுதான்.

உங்கள் அலுவலகத்தில் மூன்று உயரங்களை உண்டாக்குங்கள்: நாற்காலியில் உட்கார்பவர், மேஜை விளிம்பில் சாய்பவர், நிற்பவர். ஒன்பது பேர் என்றால் மும்மூன்றாக மூன்று கொத்து. ஒவ்வொரு கொத்திலும் தலைகள் முக்கோணமாக வரட்டும். கொத்தும் கொத்தும் சேரும் இடத்தில் ஒருவரின் தோள் அடுத்தவரால் பாதி மறைய வேண்டும், இல்லையென்றால் மூன்று தனிப்படம் ஒட்டியதுபோல் இருக்கும். ஆண்களும் பெண்களும் ஒட்டி நிற்கத் தயங்குவார்கள், வற்புறுத்தாதீர்கள். ஒருவரை அரையடி முன்னே, அடுத்தவரை அரையடி பின்னே நிறுத்தினால் உடம்பு படாமலே படத்தில் நெருக்கமாகத் தெரியும். சுழல் நாற்காலி வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒருவருக்கு அழகு, ஒன்பது பேருக்குக் காவல் நிலையம். நிறுவனர் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. இடப்பக்கக் கொத்தில் உட்கார்ந்தாலும் எல்லோருடைய உடம்பும் லேசாக அவர் பக்கம் திரும்பியிருந்தால் தலைவர் யாரென்று தெரிந்துவிடும். எல்லோரும் ஒன்றாகக் குதிக்கும் படம் மட்டும் வேண்டாமே.

என்ன நிறத்தில் உடுத்தச் சொல்வது?
– வங்கி ஊழியர், திருச்சி

ஒரே நிறம் வேண்டாம், ஒரே குடும்பம் போதும்: கருநீலம், சாம்பல், மெரூன், கொஞ்சம் வெளிர்நீலம். பொடிக் கோடு, பொடிக் கட்டம் போட்ட சட்டைகள் சிறிதாக்கிய படத்தில் நெளிநெளியாக அலையும். ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும், பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் சாயமடிக்கும். அகலச் சரிகைப் பட்டு லைட்டைத் திருப்பி அடிக்கும். பருத்தியும் கைத்தறியும் தொல்லை தராதவை.

எடுத்த அன்று இருவர் விடுப்பு. பிறகு சேர்க்க முடியுமா?
– மென்பொருள் நிறுவனம், மதுரை

அன்றே திட்டமிட்டிருந்தால் முடியும். அவர்களுக்கான இடத்தை ஓரத்தில் காலியாக விடுங்கள். நடுவில் செருகுவது நிழலில் காட்டிக்கொடுக்கும். ட்ரைபாடை அசைக்காமல், ஆளில்லாத வெற்று இடத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா உயரம், தூரம், லென்ஸ், எஃப் எண், லைட்டின் இடம், பவர், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) எல்லாவற்றையும் எழுதிவைத்து, தரையில் டேப் ஒட்டிய இடத்தையும் படம்பிடித்து வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்திருந்தால் அதே நேரம், அதே வெயில் கிடைக்க வேண்டும். அதனால் திரையை இழுத்துவிட்டு லைட்டில் மட்டும் எடுப்பது பத்திரம்.

பணம் கொடுத்து எடுத்த படத்தின் உரிமை யாருக்கு? போட்டோகிராபர் ரா ஃபைல் தர மறுக்கிறார்.
– நிர்வாகப் பிரிவு, அம்பத்தூர்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், மாறாக ஒப்பந்தம் இல்லாதவரை. போட்டோகிராபரின் ரசீதிலோ மின்னஞ்சலிலோ வேறு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டீர்களா என்று முதலில் பாருங்கள். ரா ஃபைல் (கேமராவில் பதிவான, திருத்தாத மூலக் கோப்பு) தருவது தனிப் பேச்சு. பலர் திருத்தி முடித்த படங்களுக்கு மட்டுமே விலை சொல்கிறார்கள். அடுத்த முறை கொட்டேஷனிலேயே எத்தனை படம், என்ன அளவு, ரா உண்டா இல்லையா, அவர் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்று நான்கு வரி எழுதி வாங்குங்கள். 12-க்கு 18 அங்குல பிரின்ட் போட 5400-க்கு 3600 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டிரைவ் இணைப்பாகக் கேளுங்கள்.