போவி நாணயமும் மாதம் 84 பவுண்டு வட்டியும்

கேள்வி: லண்டன் கிராய்டனில் வசிக்கிறேன், கல்லூரிக் காலம் முதல் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் ரசிகன். 2020 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் நாணயச் சாலையான ராயல் மின்ட் அவர் நினைவாக வெளியிட்ட ஐந்து பவுண்டு நாணயத்தில் தொடங்கி, அதே வரிசையில் வந்த தி ஹூ, ரோலிங் ஸ்டோன்ஸ் ஆகிய இசைக்குழுக்களின் நாணயங்கள் என வெள்ளி நாணயங்களை மாதம் சராசரியாக 90 பவுண்டுக்குக் கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். நிலுவை 4,200 பவுண்டு, வட்டி 24 சதவீதம். மாதம் 120 பவுண்டு கட்டுகிறேன். இப்போது போவியின் தங்க நாணயம் ஒன்று 2,800 பவுண்டுக்கு வருகிறது. தனிநபர் கடன் எடுத்து இருவரும் சேர்ந்து வாங்கலாம், அரசு நாணயத்தில் நஷ்டம் வராது என்று மச்சான் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்களைக் கடனாளியாக்கியது தங்க நாணயம் அன்று. முந்தைய பாக்கி தீருமுன் அடுத்த நாணயத்தையும் அதே கார்டில் ஏற்றும் வழக்கந்தான். நீங்கள் கட்டும் 120 பவுண்டில் ஏறக்குறைய 84 வட்டிக்கே போகிறது, அசலில் குறைவது வெறும் 36. அதே மாதம் 90 பவுண்டுக்கு இன்னொரு நாணயம் வாங்குவதால், ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நீங்கள் நினைக்கும்போதே கடன் மாதம் 54 பவுண்டு ஏறுகிறது.

இந்த வட்டியில் 90 பவுண்டுக்கு வாங்கிய நாணயத்தின் அடக்கவிலை மூன்று ஆண்டில் 184 பவுண்டை நெருங்கிவிடும். ஓர் அவுன்ஸ் நாணயத்தில் இருப்பதோ சுமார் 31 கிராம் வெள்ளி. அதன்மேல் நீங்கள் கொடுத்தது வடிவமைப்புக்கும் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரிக்கும் (வாட்). விற்கப் போகும்போது வியாபாரி அந்த வரியைத் திருப்பித் தரமாட்டார், தமது லாபத்தையும் கழித்துக்கொள்வார்.

அரசு நாணயம் என்ற வாதத்தை நானும் பலமுறை கேட்டுச் சலித்துவிட்டேன். ராயல் மின்ட் முன்பு லண்டன் பிக் பென் மணிக்கூண்டின் உருவம் பொறித்த 100 பவுண்டு வெள்ளி நாணயத்தை முகமதிப்புக்கே விற்றது. அதைக் கார்டில் வாங்கி வங்கியில் செலுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களின் நாணயங்களை வங்கிகள் பிறகு ஏற்க மறுத்தன. சட்டப்படி செல்லுபடியாகும் நாணயம் என்பதற்காகக் கடையோ வங்கியோ அதை வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. பிரிட்டிஷ் நாணயங்களின் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது என்பதையும் மச்சான் சொல்லியிருப்பார். அது உண்மைதான், முதலில் லாபம் வர வேண்டும்.

போவியே பணக் கணக்கில் கெட்டிக்காரர். 1997-இல், 1990-க்கு முன் வெளியான தமது 25 ஆல்பங்களின் வருமானத்தை ஈடாக வைத்துக் கடன்பத்திரம் வெளியிட்டு, அடுத்த பத்தாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வரவேண்டிய பணத்தை முன்கூட்டியே ஐந்தரைக் கோடி டாலராக மொத்தமாகக் கையில் வாங்கிக்கொண்டார். அந்தப் பத்திரத்தை வாங்கியவர்களுக்கு ஆண்டுக்கு 7.9 சதவீத வட்டியாவது கிடைத்தது. உங்கள் அலமாரியில் இருக்கும் நாணயங்கள் ஒரு பென்னியும் தருவதில்லை.

ஆகவே கார்டில் புதிய கொள்முதல் எதுவும் கூடாது. நாணயத்துக்குப் போகும் 90 பவுண்டையும் சேர்த்து மாதம் 210 கட்டினால் கடன் சுமார் 26 மாதத்தில் தீரும். வெள்ளி நாணயங்களைப் பெட்டி, சான்றிதழோடு இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு விற்று, 1,500 பவுண்டு தேறினால் அதையும் கடனில் போடுங்கள். அப்போது 15 மாதம் போதும். வட்டியில்லாத வேறு கார்டுக்கு நிலுவையை மாற்றுவது நல்ல வழிதான், ஆனால் அந்தக் கார்டில் புதிதாக எதையும் வாங்காதிருக்க உங்களால் முடிந்தால் மட்டும்.

“பணம் இல்லை” என்று மச்சானிடம் மழுப்பாமல், நிலுவைக் கணக்கைக் காட்டி, அவர் விரும்பினால் தம் பெயரில் கடன் எடுத்துத் தாமே வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுங்கள். 13 பவுண்டுக்கு வாங்கிய, முகத்தில் மின்னல்கீற்று ஓடும் அந்த முதல் போவி நாணயத்தை மட்டும் விற்க வேண்டாம். அதை நீங்கள் ஆசைப்பட்டு வாங்கினீர்கள். இணையக் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை இன்று இரவே நீக்கிவிடுங்கள்.